அரியாலையில் ஒரு பகற்பொழுது

யாழ்ப்பாண நகரினின்றும் கண்டி வீதி வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர் அரியாலையை ஓர் ஊராக எண்ணி நின்று பார்ப்பது அரிது. பஸ் வண்டியில் ஏறி, இருக்கை பிடித்து, பொதிகளைக் காலடியில் ஒதுக்கி நிமிர்வதற்குள் ஊர் கழிந்துவிடுகிறது. அதன்பின் செம்மணிப் பெருவெளியும், நகருக்கு வருவோரை வரவேற்கும் வளைவும், நாவற்குழிப் பாலமும் வந்து கண்ணை இழுத்துக்கொள்ளும். நாமும் பல்லாண்டு காலமாக அவ்வாறே கடந்து சென்றவர்கள்தாம். அந்தக் குறை நெஞ்சை உறுத்தியமையால், 2025 ஆம் ஆண்டின் ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நண்பரும் நாமுமாகத் துவிச்சக்கர வண்டிகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். பார்க்க விரும்பியவை இரண்டு. ஒன்று ஓர் அணை. மற்றது ஒரு மயானம்.

“ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேறிடம் கிடைக்கவில்லையா?” என்று வீட்டார் கேட்டது நியாயமே.

நகர எல்லையிலிருந்து ஊர் தொடங்குமிடத்தை ஒருவரும் கோடு கீறிக் காட்ட முடியாது. வீதியின் இருமருங்கும் மாவும் தென்னையும் நிறைந்த வளவுகள். பழைய கிளுவை வேலிகள் மறைந்து கல்மதில்கள் எழுந்துவிட்டன. எனினும் உள்ளொழுங்கைகளிற் புகுந்தால் பனையோலை வேலிகள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. சித்திவிநாயகர் ஆலயத்தின் மணியோசை, பார்வதி வித்தியாசாலையின் முன்னுள்ள நிழல், தெற்கே போகப் போக வீசும் பரவைக்கடற் காற்று, இவை மூன்றும் அரியாலைக்கு உரியவை என்று நாம் குறித்துக்கொண்டோம். ஒழுங்கைகளின் முடிவில், நெற்காணிகளைக் கடந்தால், கடல்நீரேரி விரிந்து கிடக்கிறது. ஆழமில்லாத நீர்; அதன் மறுகரை ஒரு கரிய கோடு.

காலை எட்டரை மணியளவில் சனசமூக நிலையமொன்றின் திண்ணையில் இளைப்பாறினோம். யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றைப் புரிந்துகொள்ள விரும்புவோர் முதலிற் செல்லவேண்டிய இடம் அதுவே என்பது எமது கருத்து. நீண்ட மேசை, அதன்மேல் அன்றைய பத்திரிகைகள், சுவரிலே மறைந்த தலைவர்களின் படங்கள், மூலையில் கரம் பலகை. ஊர் வீதி திருத்தம் தொடங்கி மாணவர் பரிசளிப்பு விழா வரை எத்தனையோ கருமங்கள் இத்தகைய மேசைகளிலேதான் தீர்மானமாகியிருக்கின்றன. இன்று ‘குடிசார் சமூகம்’ என்று கருத்தரங்குகளிற் பேசப்படும் பொருளை எங்கள் பாட்டன்மார் மாதச் சந்தா கட்டி, பற்றுச்சீட்டு எழுதி, வருடாந்தப் பொதுக்கூட்டத்திற் சண்டையிட்டு நடத்தினார்கள்.

அதற்கும் முந்திய வேர் ஒன்றுண்டு. 1924 இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற சபையை மாணவ நேயர்கள் அறிந்திருத்தல் வேண்டும். ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் அதனை நடத்தினர். பாடசாலைகளிற் சாதி பாராது சமமாக இருந்து கற்கவும் சமமாக இருந்து உண்ணவும் வேண்டுமென்று அவர்கள் வாதாடினார்கள். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது அவர்களின் அழைப்பினாலேயே. 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்த அவர்களின் முடிவு சரியா தவறா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும், பதவி எதுவும் இல்லாத வாலிபர்கள் ஒரு நாட்டின் நீதியைப் பற்றிக் கூடிப் பேசலாம் என்ற பழக்கம் இம்மண்ணில் அப்போதே ஊன்றிவிட்டது.

திண்ணையில் நாம் இருப்பதைக் கண்டு, பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த முதியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பியவை எவடம்?”

ஊர் சொன்னோம். அணை பார்க்க வந்தோம் என்றதும் அவருக்கு முகம் மலர்ந்தது. “அணை பாக்கவோ? நல்ல காரியம். கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப்போட்டுப் போங்கோ. இப்ப மாரி, நல்லா இருக்கும். ஆவணியிலை வந்தால் உங்களுக்குத் தரமாட்டன்.”

குடித்தோம். நல்ல நீரே. ஆனால் நாவின் ஓரத்தில் மிக மெல்லியதாக ஓர் உவர்ப்பு ஒட்டி நின்றது. அந்த உவர்ப்பின் வரலாறே அணையின் வரலாறு.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மூன்று மாதங்களிற் பெய்யும் மழை, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிற் கிடக்கும் கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. உவர்நீர் கனமானது, நன்னீர் இலேசானது. துலாவில் மிதித்து இறைத்த காலத்தில் இந்த ஏற்பாடு பழுதுபடவில்லை. இயந்திரங் கொண்டு நாளெல்லாம் இறைக்கத் தொடங்கியபின், நன்னீர் வில்லை மெலிந்து, கீழிருந்த உவர் மேலே வருகிறது. கரையோர ஊர்களுக்கு இத்துன்பம் முந்தி வரும். அரியாலை கரையோர ஊர்.

இனி உப்பாறு. பெயரிலேதான் ஆறு, உண்மையில் அது யாழ்ப்பாணப் பரவைக்கடலின் ஒரு நீண்ட கை. வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் இடையே வடக்கு நோக்கிப் புகுந்து, செம்மணி, கோப்பாய், கைதடிப் பக்கங்களைத் தொட்டுக் கிடக்கிறது. மாரியில் அதிலே மழைவெள்ளம் வந்து நிறைகிறது. பின் கடலோடு போய்விடுகிறது. கோடையில் கடல்நீர் திரும்பி ஏறிவந்து, வற்றி, உப்புப் பூக்கிறது. போகும் நன்னீரை மறித்து, வரும் உவர்நீரைத் தடுத்தால் என்ன?

இக்கேள்விக்கு ஒரு முழுத்திட்டமாக விடை எழுதியவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். 1954 இல் அவர் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தின் அழகு, புதிதாக ஆறு வெட்டாமல் உள்ள நீரேரிகளையே ஆறாக்குவதில் இருந்தது. வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆறு இரணைமடுவைக் கடந்து ஆனையிறவு நீரேரியில் விழுகிறது. அந்த நீரேரியைக் கடலிலிருந்து பிரித்துவிட்டால் சில ஆண்டு மழையில் அது நன்னீராகிவிடும். அங்கிருந்து முள்ளியான் வழியாக ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்கும், அதனூடே உப்பாற்றுக்கும் நீரைக் கொண்டுவரலாம். வடமராட்சி நீரேரியின் வாயிலைத் தொண்டைமானாற்றிலும், உப்பாற்றின் வாயிலை அரியாலையிலும் அடைத்துவிட வேண்டும். இவ்விரு தடுப்பணைகளும் ஐம்பதுகளிலே கட்டப்பட்டன. ஆனால் முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. தலையையும் வாலையும் செய்துவிட்டு உடலைச் செய்யாமல் விட்ட குதிரைபோல அத்திட்டம் நின்றுவிட்டது.

அணையருகே நாம் நின்றபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பார்ப்பதற்குப் பெரிய வியப்பெதுவும் அங்கே இல்லை என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம். மேட்டூரையோ கல்லோயாவையோ எண்ணிக்கொண்டு வருவோர் ஏமாறுவர். தாழ்ந்த கட்டு, வரிசையாகக் கண்கள், கதவுகள். ஒருபுறத்து நீர் கலங்கியும் மறுபுறத்து நீர் தெளிந்தும் இருந்தன. ஒற்றைக்காலில் நின்ற கொக்கு ஒன்று எம்மைப் பொருட்படுத்தவில்லை. மார்கழி, தை மாதங்களில் வந்திருந்தால் இவ்வெளியிலே தூர தேசங்களிலிருந்து வரும் பறவைக் கூட்டங்களைக் கண்டிருப்போம். பூநாரைகள் செந்நிறம் காட்டி இறங்குவது அப்பொழுதுதான்.

இந்தக் கதவுகள் உக்குவதும், திருத்தப்படுவதும், மீண்டும் உக்குவதுமாகவே காலம் கழிந்திருக்கிறது. போர்க்காலத்தில் அவற்றைக் கவனிக்க ஆளில்லை. அதைவிடச் சிக்கலானது வேறொன்று. கதவை மூடினால் தோட்டக்காரன் மகிழ்வான். வயலிலே உவர் குறையும், கிணறு இனிக்கும். ஆனால் கடலிலிருந்து நீரேரிக்குள் ஏறி வளரும் இறாற் குஞ்சுகளுக்கும் அதே கதவுதான் வழி. மூடிய கதவுக்கு முன்னே வலை வீசுவோனின் அடுப்பு அணைந்துபோகிறது. எந்த நாளில் மூடுவது, எந்த நாளில் திறப்பது, எவரைக் கேட்டுச் செய்வது? ஆட்சிமுறை என்றவுடன் பாராளுமன்றத்தையே நினைக்கிறோம். அரியாலைக்காரனுக்கு ஆட்சிமுறை என்பது அந்தக் கதவின் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதுதான். கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் ஒரே மேசையில் இருந்து நாள் குறிப்பது, எத்தனை வல்லுநர் அறிக்கைகளுக்கும் மேலான வேலை என்று நண்பர் சொன்னார். நாமும் உடன்பட்டோம்.

யாழ்ப்பாணத்து நீர்வழக்கு இவ்விரு சாராரோடும் முடிவதன்று. இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுவரப் பிற்காலத்தில் எழுந்த திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். தமது பயிருக்குரிய நீர் குறைந்துவிடும் என்பது அவர்களின் அச்சம். அதற்கு மாற்றாகத் தாழையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மழைநீரைக் கடலுக்குள் விட்டுவிட்டு, அதே கடலிலிருந்து மின்சாரச் செலவில் நீரைப் பிரித்தெடுக்கும் விந்தையை ஆறுமுகம் அவர்கள் கண்டால் என்ன சொல்வாரோ!

ஊரவர் முயற்சிக்குச் சட்டம் துணைநின்ற ஒரு வழக்கையும் இங்கே நினைவுகூர வேண்டும். சுன்னாகத்து டீசல் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தமை குடாநாட்டையே கலக்கியது. வாளியில் அள்ளிய நீரைத் தாய்மார் மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்த காலம் அது. 2015 இல் சூழலியலாளர் ரவீந்திர காரியவசம் உயர்நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். தென்னிலங்கைச் சிங்களவர் ஒருவர் வடக்கின் கிணறுகளுக்காக வழக்காடினார் என்பதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மின் உற்பத்திக் கம்பனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென்று கட்டளையிட்டது. ஐந்நூறு குடும்பங்கள்வரை பகிரும்போது அது சிறு தொகைதான். ஆனால் நிலத்தடி நீரை அழுக்காக்கியவன் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நாட்டின் சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது.

நண்பகலுக்குமேல் மீண்டும் கண்டி வீதிக்கு ஏறினோம். வெளியின் நடுவே செல்லும் இவ்வீதியை மறக்க முடியாத தலைமுறை ஒன்று இன்னும் நம்மிடையே வாழ்கிறது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இவ்வழியேதான் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கப் பலருக்கு ஓர் இரவும் ஒரு பகலும் சென்றன. குழந்தைகளைத் தோளிலும் முதியோரைத் துவிச்சக்கர வண்டியிலும் ஏற்றிச் சென்றனர்; தாகத்துக்குக் குடைகளை விரித்து மழைநீர் ஏந்திக் குடித்தவர்கள் உண்டு. 1996 இல் மக்கள் திரும்பி வந்தனர். வந்தபின்தான் மற்றத் துயரம் தொடங்கியது. அவ்வாண்டிலே யாழ்ப்பாணத்தில் அறுநூறு பேரளவில் காணாமற் போயினர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை 1997 இல் எழுதியது.

1996 செப்டெம்பர் 7. சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பும் வழியில் இராணுவக் காவலரணில் மறிக்கப்பட்டாள். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. நால்வரின் உடல்களும் பின்னர் செம்மணியிலே தோண்டியெடுக்கப்பட்டன. மகளிர் அமைப்புக்களும் மனித உரிமை வழக்கறிஞரும் விடாது எழுப்பிய குரலினால் வழக்கு மேல்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் முன்னிலையில் விசாரிக்கப்பட்டு, 1998 யூலையில் தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது குற்றவாளிகளில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, முந்நூறு தொடக்கம் நானூறு உடல்கள் வரை செம்மணியில் புதைக்கப்பட்டிருப்பதாக மன்றிலே கூறினார். 1999 இல் தோண்டினார்கள். பதினைந்து எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதன்பின் கால் நூற்றாண்டு வெளியிலே புல் வளர்ந்தது.

இனி மயானத்துக்கு வருவோம். அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானம் வீதியோரத்திலேயே இருக்கிறது. ஊர்களிலே விறகின் விலையும் தட்டுப்பாடும் நாம் அறிந்தவையே. எனவே அங்கே தகனமேடை கட்டுவதற்கு ஏற்பாடாயிற்று. 2025 பெப்ரவரியில் அதற்கு அத்திபாரம் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. மயானத்தில் எலும்பு இருப்பது புதுமையா என்று சொல்லி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் கேட்பாரும் இல்லை. ஊரவர் அவ்வாறு விடவில்லை. பொலிஸாருக்கு அறிவித்தனர், காரியம் யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்துக்குச் சென்றது. எமது அபிப்பிராயத்தில் இக்கதை முழுவதிலும் பெரிய செயல் அதுவே. ஐக்கிய நாடுகள் சபையும் செய்தியாளரும் பின்னால் வந்தவர்கள்.

நீதிமன்றக் கட்டளைப்படி மே 15 ஆம் திகதி அகழ்வு தொடங்கியது. பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் தொல்பொருளியலாளரும், சட்ட வைத்திய அதிகாரிகளும் தூரிகை கொண்டு மண்ணைத் தட்டித் தட்டி வேலை செய்தனர். முதற் கட்டத்தில் 19. பின் நாள்தோறும் எண்ணிக்கை ஏறியது. செப்டெம்பர் தொடக்கத்தில் அது 240 ஆகியிருந்தது. ஆழமில்லாத குழிகள், பெரும்பாலும் துணியற்ற உடல்கள். நான்கைந்து வயதுப் பிள்ளை ஒன்றின் எலும்புக்கூட்டோடு நீலநிறப் பாடசாலைப் பை ஒன்றும் பொம்மையும் இருந்தன என்ற செய்தியை நாம் அன்றைய பத்திரிகையில் வாசித்த இடம் நினைவிருக்கிறது. தேநீர்க் கடை. கடைக்காரர் வானொலியை நிறுத்திவிட்டார்.

யூன் 23 முதல் 25 வரை ‘அணையா விளக்கு’ என்ற பெயரில் மக்கள் செம்மணியிலே விளக்கேற்றிக் காத்திருந்தனர். கடைசி நாளில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் வோல்கர் டர்க் புதைகுழியைப் பார்வையிட்டார். ஆகஸ்ட் 5 ஆம் திகதி, குழியிலிருந்து எடுத்த உடைகளையும் பொருட்களையும் பொதுமக்கள் அடையாளங் காண்பதற்காகப் பரப்பி வைத்தனர். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கி, வீதியோரக் கொட்டகைகளில் மகன்மாரின் படங்களைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாய்மாரில் பலர் அன்று வந்திருந்தார்கள். அத்தாய்மாரிற் சிலர் காத்திருந்தபடியே இறந்தும் போயினர்.

நாம் சென்ற அன்று வேலை நிறுத்தப்பட்டிருந்தது. மழைநீர் குழிகளுக்குள் நின்றமையால் அகழ்வு தள்ளிப்போயிற்று. காவற் பொலிஸார் இருவர் கொட்டகையின்கீழ் இருந்தனர். உட்செல்ல அனுமதியில்லை, வேலிக்கு வெளியே நின்றோம். நாம் காலையிற் பார்த்த அணை தேக்க வேண்டிய அதே மழைநீர்தான் இங்கே வேண்டாத இடத்தில் தேங்கிக் கிடந்தது.

வேலியருகே முதிய அம்மா ஒருவர் குடையோடு நின்றார். வெள்ளைச் சேலை. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டோம். தென்மராட்சியில் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார்.

“ஆகஸ்டிலை சாமான் காட்டினவையெல்லே, அண்டைக்கும் வந்தனான். ஒரு செருப்பைத்தான் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டன், தம்பியவை. அவன்ரை மாதிரியே கிடந்தது. பிறகு பாத்தால், வார் வேறை.”

“அப்ப உங்கடை பிள்ளையின்ரை இல்லையா, அம்மா?”

“இல்லை.” சிறிது நேரம் பேசாமல் நின்றார். “இல்லையெண்டது எனக்குச் சந்தோசமோ துக்கமோ எண்டு வீட்டை போய் யோசிச்சன். இன்னும் தெரியேல்லை.”

மழை தூறத் தொடங்கியது. நாம் துவிச்சக்கர வண்டிகளோடு ஒதுங்க இடம் தேடினோம். அவரோ குடையை விரித்துக்கொண்டு அங்கேயே நின்றார். கொடிகாமம் செல்லும் பஸ் வந்ததும் கையைக் காட்டி மறித்து, படியில் ஏறுமுன் எம்மைத் திரும்பிப் பார்த்து, “நனையாமல் போங்கோ, தம்பியவை” என்றார்.

நாம் நனைந்துகொண்டே வீடு வந்தோம். வெளியில் மழை உப்பாற்றுப் பக்கமாக வெண்திரைபோல நகர்ந்துகொண்டிருந்தது. அணைக்கதவுகள் அன்றிரவு மூடியிருந்தனவா, திறந்திருந்தனவா என்று பார்த்துவர மறந்துவிட்டோம் என்பது நகரை அடைந்த பின்னரே நினைவுக்கு வந்தது.